விரதமில்லாத நத்தை

எங்கள் வீட்டில் முருகன் உடுப்பு அலுமாரிக்குள் இருந்தார். குறையாகச் சொல்லவில்லை. மொன்றியலில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது புதினமும் இல்லை. சாமியறை என்று தனியாக எதுவும் அந்த வீடுகளில் கிடையாது. வரவேற்பறைச் சுவரோடு, இழுத்துத் திறக்கிற கதவு போட்ட ஓர் அலுமாரி இருக்கும். வெள்ளைக்காரர்கள் அதற்குள் குளிர்க் கோட்டுகளைத் தொங்கவிடுவார்கள். நாங்கள் கோட்டுகளைக் குளியலறைக் கதவில் மாட்டிவிட்டுச் சுவாமியை உள்ளே வைத்தோம். அவருக்கும் குளிராது, எங்களுக்கும் விளக்கு அணையாது. புகை மணி அலறாமல் சாம்பிராணி காட்டுவது மட்டும் தனி வித்தை. அதையும் பழகிக்கொண்டேன்.

அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு செவ்வரத்தைச் சாடி, அதாவது செம்பருத்தி, நின்றது. வசந்தத்தில் பூக்கன்று விற்கிற ஒரு கண்ணாடி வீட்டில் வாங்கியது. கோடை முழுக்க பல்கனியில் நின்று சுவாமிக்குப் பூக் கொடுத்தது. ஐப்பசி பிறந்து குளிர் கடிக்கத் தொடங்கியதும் அதைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தேன். வெளிச்சம் விழுகிற இடம் அலுமாரிக் கதவுக்கு முன்னால்தான் இருந்தது. ஆகவே நான் பூசைக்குக் கதவைத் திறக்கும்போதெல்லாம் சாடியை அதன் அடித்தட்டோடு சேர்த்துக் கையால் ஒரு பக்கம் தள்ள வேண்டும். அது தரையில் கறக் கறக் என்று கத்தியபடி நகரும். பூசை முடிந்தால் திரும்பவும் இழுத்து வைக்க வேண்டும். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்த அநியாயம் முழுவதும் அந்தத் தட்டுக்கும் சாடிக்கும் இடையில்தான் இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழிந்த காலம். கந்தசஷ்டி வந்தது. நானும் மனைவியும் வருஷா வருஷம் பிடிக்கிற விரதம். மனைவி பாலும் பழமும் மட்டும் எடுப்பா. நான் வேலைக்குப் போகிறவன் என்றபடியால் பின்னேரம் ஒரு நேரச் சாப்பாடு. அதிலும் வெங்காயம், உள்ளி கூடாது. உள்ளி என்று நாங்கள் சொல்வது வெள்ளைப்பூண்டைத்தான்.

அந்த வருஷ விரதத்துக்கு இன்னொரு கனமும் இருந்தது. சூரன்போர் அன்று எங்கள் கோயிலில் சுவாமி தூக்குவதற்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆட்களை ஒழுங்குபண்ணுகிற அண்ணை ஒவ்வொரு முறையும் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பார். அந்தத் தூரத்தைப் பார்க்க அவருக்கு அதிக நேரம் எடுப்பதில்லை. "தம்பி, நீர் தூக்கினால் சுவாமி ஒரு பக்கம் சரிஞ்சிடுவார்" என்பார். இந்த முறை என் அளவில் இன்னொருவர் அகப்பட்டார். அவருக்கு நேர் எதிர்ப்பக்கம் என்னை வைத்து, முன்னுக்கு நிற்கவிடலாம் என்று அண்ணையே தொலைபேசியில் சொன்னார். விரதம் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும், சுவாமிக்குத் தோள் கொடுக்கிறவர்கள் என்றபடியால் என்று இரண்டு தரம் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு வரவேற்பறையில் வீடு கூட்டுகிற தும்புக்கட்டையைத் தோளில் வைத்து நடந்து பார்த்தேன். மகள் கதவடியில் நின்று சிரித்தாள். அவள் அப்போது சேஜெப்பில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில், படித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற வயது.

விரதம் தொடங்கிய அன்று வேலையால் வந்து, குளித்து, வேட்டி கட்டி, சாடியைத் தள்ளி, கதவைத் திறந்து பூசைக்கு நின்றேன். தேவாரம் பாதியில் போய்க்கொண்டிருக்க, மனைவி சுவாமிக்குப் பால் கொண்டுவந்தா. வந்தவ அப்படியே நின்றா. மூக்கை இரண்டு தரம் இழுத்தா.

"இஞ்சேருங்கோ, உள்ளி மணக்குது."

நான் தேவாரத்தை விடாமல் தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று. எனக்கு மணந்தால் அல்லவா தெரியும். எனக்குப் பீனிசம். ஐப்பசியில் அடைத்த மூக்கு சித்திரை வருஷப்பிறப்புக்குத்தான் திறக்கும். வீடு எரிந்தாலும் எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

மேல் வீட்டில் சமைக்கிறார்களாக்கும் என்று சொன்னேன். மேல் வீட்டில் ஒரு கியூபெக் அம்மா தனியாக இருந்தா. மனைவி மறுநாளே படியில் வைத்து அவவிடம் கேட்டா. அவ்வளவு நாளும் "போன்ஜூர்", "மெர்சி" இரண்டையும் தவிர வேறு பிரெஞ்சு பேசாதவ, உள்ளிக்கு என்ன சொல்வது என்று மகளிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு போயிருக்கிறா. அந்த அம்மா, தனக்கு உள்ளி என்றால் உயிர், ஆனால் வயிறு ஏற்காது என்றபடியால் கைவிட்டுக் கனகாலம் என்று கவலையாகச் சொன்னாவாம். மேல் வீடு தப்பியது. அதன் பிறகு மிச்சம் இருந்தது நான்தான்.

என்னைச் சந்தேகப்பட என் வேலையும் ஒத்தாசை செய்தது. நான் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையல் கூடத்தில் வேலை. அந்தக் கிழமை பார்த்து என்னை உள்ளிப் பாண் வரிசையில் போட்டிருந்தார்கள். வெண்ணெயும் உள்ளியும் பூசிச் சுட்ட குட்டிப் பாண் துண்டுகள், பிரெட் துண்டுகள்தான், ஓடுகிற பட்டையில் வரும். அவற்றை ஒவ்வொன்றாக வெள்ளித்தாளில் சுற்றித் தட்டில் வைக்க வேண்டும். விரதகாரனுக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டாம். ஆனால் எனக்குத்தான் மணக்காதே. முருகன் தந்த பீனிசம் என்று நினைத்துக்கொண்டு சுற்றினேன். வீட்டில் இதை நான் சொல்லவில்லை. மகள்தான் நான் யாரோடோ தொலைபேசியில் கதைத்ததைக் கேட்டு, தாயிடம் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் விசாரணை தொடங்கியது. மனைவி என் வேலை உடுப்பைத் தனியாக வாளியில் போட்டா. சாப்பாட்டுப் பெட்டியை மோந்து பார்த்தா. பூசைக்கு முன்னால் என்னை நிற்கவைத்து "ஊதுங்கோ" என்றா. நெடுஞ்சாலையில் மறிக்கிற பொலிஸ்காரர் மாதிரி முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தா. ஊதினேன். ஒரு மணமும் இல்லை. சரி என்று உள்ளே போனா. நான் சாடியைத் தள்ளிக் கதவைத் திறந்து பூசையைத் தொடங்கினேன். பால் செம்போடு வந்தவவின் முகம் திரும்பவும் மாறியது.

அதுதான் அவவை ஆகக் குழப்பியது. குளித்துவிட்டு வரும்போது மணக்காத மனுசன், சுவாமிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தவுடன் மணக்கிறான். தேவாரத்தோடு சேர்ந்து உள்ளி வருகிறது. இது உடம்பில் இருந்து வருவதில்லை, உள்ளுக்குள் ஒளித்து வைத்த பொய்யைச் சுவாமி வெளியே இழுக்கிறார் என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டா. மகள் தன் பங்குக்கு, அப்பா எந்தத் தேவாரம் பாடும்போது கூட மணக்கிறது என்று கேட்டாள். அவளுக்கு ஒரு குட்டு விழுந்தது.

"ஒரு துண்டு வாயில போட்டிருந்தாலும் பரவாயில்லை, சொல்லிப்போடுங்கோ" என்றா மனைவி. "பசிதானே. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"நான் தின்னேல்லையப்பா. தின்னாததை எப்பிடிச் சொல்லிறது?"

"அப்ப கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணுகிறேன் என்றேன். எனக்குப் பயம் இல்லை. மனச்சாட்சி பால் மாதிரி இருந்தது. கற்பூரத்தைத் தட்டில் கொளுத்தினேன். மனைவியும் பக்கத்தில் நிற்க இடம் வேண்டும் என்று, சாடியை வழமையைவிடக் கூடத் தள்ளினேன். அது அடித்தட்டில் முக்கால் வட்டம் சுழன்று, கத்திக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. நான் கற்பூரத்தில் கையை அடித்து, முருகா, நான் உள்ளி தொட்டேன், வாயில் வைக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னேன். சொல்லி முடிக்கவும் மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தவும் சரியாக இருந்தது.

நான் அவவைப் பார்த்தேன். அவ சுவாமியைப் பார்த்தா. அப்படியொரு மணம் அந்த வீட்டில் அதுவரை மணக்கவில்லை என்று பின்னால் மகள் சொன்னாள். அவள் தன் அறையில் இருந்து கேட்டாளாம், யார் ரசம் வைக்கிறது என்று.

அன்று மனைவி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லது. பேசாமல் போய்த் தொலைபேசியை எடுத்து, கோயில் அண்ணைக்கு அடித்து, இவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, சுவாமி தூக்க ஏலாது, வேறு ஆளைப் பாருங்கோ என்று சொல்லிவிட்டா. எனக்குத் தெரியாது. மறுநாள் வேலையில் இடைவேளை நேரம் அண்ணையே என் கைபேசிக்கு அடித்து, நாரி எப்படி என்று கேட்டபோதுதான் விளங்கியது. என் இடத்துக்கு டாக்சி ஓட்டுகிற ஒருவரைப் போட்டாயிற்று, கவலைப்படாதேயும், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். உள்ளிப் பாணைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒன்றை எடுத்துத் தின்றால் என்ன என்று ஒரு கோபம் வந்தது. தின்னவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மனைவி மாவரிக்கும் கையை நிறுத்தாமல் சொன்னா, "பொய்ச் சத்தியம் பண்ணின தோளில சுவாமியை ஏத்தி, நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தால் நான் என்ன செய்வன்?" அதற்குப் பிறகு நான் என்ன கோபப்படுவது. அவவுக்கு என் மேல் இருந்தது சந்தேகம் இல்லை, பயம். ஆனால் பயத்துக்குக் கற்பூரம் மருந்தில்லை என்றும் கண்டாயிற்று.

சூரன்போர் அன்று காலை நான் பூசை வைக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மனுசனுக்கு ரோசம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. சுவாமியைப் பட்டினி போடக்கூடாது என்று மனைவி தானே முழுகி, தானே போய், சாடியைத் தள்ளிக் கதவைத் திறந்தா. கறக் கறக் என்று சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். அவ அலுமாரிக்கு முன்னால் நின்று, உள்ளங்கையைக் குவித்து வாய்க்கு முன்னால் பிடித்து, ஊதி ஊதி மோந்து பார்த்துக்கொண்டு நின்றா.

ஆறு நாளாகப் பாலும் பழமும் தவிர வேறொன்றும் தொடாத மனுசி. என்னைக் கண்டதும் "பிள்ளை, இஞ்ச ஓடி வா" என்று மகளைக் கூப்பிட்டா. "வந்து என்னை ஒருக்கால் மணந்து பார்."

மகள் தாயை மணந்தாள், என்னை மணந்தாள், சுவாமிக்கு வைத்த பாலையும் மணந்தாள். பிறகு முழந்தாளில் இருந்து தரையை மணந்துகொண்டு போனாள். சுங்கப் பகுதி நாய் பெட்டியை மணக்கிற மாதிரியே போய்ச் சாடியடியில் நின்றாள். சாடியைத் தட்டில் இருந்து தூக்கிப் பார்த்தாள்.

அங்கே இருந்தார்கள். நத்தைகள். பெரிய நத்தை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு கடலைப்பருப்பு அளவு. ஓடு தட்டையாக, தேன் நிறத்தில், எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கியது. உள்ளே உடம்பு கருநீலம். தட்டில் தேங்கிய ஈரத்தில் குடும்பமாக இருந்தார்கள். மகள் ஒரு ஈர்க்கால் ஒன்றைத் தொட்டாள். அது தலையை இழுத்துக்கொண்டது. மனைவி உடனே மூக்கைப் பொத்தினா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனேன். அப்போதுதான், சித்திரை வரைக்கும் திறக்காத என் மூக்கையும் இடித்துக்கொண்டு அது உள்ளே வந்தது. நசுக்கிய பச்சை உள்ளி.

மகள் கம்ப்யூட்டரில் தேடிப் பிரெஞ்சில் வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். இது ஐரோப்பாவின் மேற்குப் பக்கத்து நத்தையாம். கல்லுக்கும் சருகுக்கும் கீழே இருக்கிற பிராணி. பூச்சாடிகளோடு சேர்ந்து கப்பலேறி, கண்ணாடி வீடுகளுக்குள் குடியேறிவிட்டது. முள்ளெலி மாதிரி ஏதாவது தின்ன வந்தாலோ, யாராவது நெரித்தாலோ, உடம்பில் இருந்து உள்ளி மணத்தை விடும். பேரே உள்ளி நத்தைதானாம்.

"விசா இல்லாமல் வந்ததோ?" என்று மனைவி கேட்டா.

"எங்களை மாதிரித்தான், அம்மா."

இன்னும் வாசித்தாள். ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும் இருக்குமாம். மனைவி அலுமாரிப் பக்கம் திரும்பி, அர்த்தநாரீசுவரர் என்று மெல்லக் கன்னத்தில் போட்டுக்கொண்டா. அடுத்த வரியில் அது மற்றக் குட்டி நத்தைகளையும் அவற்றின் முட்டைகளையும் பிடித்துத் தின்னும் என்று வந்தது. போட்ட கையைக் கீழே விட்டா. கந்தசஷ்டி ஆறு நாளும் எங்கள் வீட்டில் சுவாமிக்கு முன்னால் இருந்து மச்சமாமிசம் தின்றவர் அவர் ஒருவர்தான்.

இப்போது வாயைத் திறந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது. மனைவி குசினிக்குள் போய் ஒரு ஊறுகாய்ப் போத்தலைக் கழுவி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஈர மண்ணும் ஒரு செவ்வரத்தை இலையும் வைத்து, நத்தைகளை ஒவ்வொன்றாகக் கரண்டியால் எடுத்து உள்ளே விட்டா. கொல்லலாமா என்ற கதைக்கே இடமில்லை, விரத நாள். வெளியே விடவும் முடியாது, பனி தூறத் தொடங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "வேட்டியை மாத்துங்கோ, கோயிலுக்குப் போவம்" என்றா.

"எனக்கு நாரிப்பிடிப்பு" என்றேன்.

"அதை நான் எடுத்துவிடுறன். வாங்கோ."

படியில் மேல் வீட்டு அம்மா எதிர்ப்பட்டா. போத்தலைக் கண்டு என்னவென்று கேட்டா. மகள் சொன்னாள், உள்ளி மணக்கிற நத்தை என்று. அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. வெண்ணெயும் கொஞ்சம் பார்சிலியும் போட்டு ஓவனில் சுடச் சொன்னா. பிறகு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, இந்த அளவில் என்றால் ஒரு வாளி வேண்டுமே என்று இரக்கப்பட்டா. மகள் இதை மொழிபெயர்க்கக் காருக்குள் ஏறும்வரை காத்திருந்தாள். நல்ல காலம்.

கோயிலில் அண்ணை வாசல் மண்டபத்தில் தூக்குகிறவர்களை இரண்டு வரிசையாக நிற்பாட்டி உயரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் இடத்தில் டாக்சிக்காரர் நின்றார். அவர் என்னைவிட ஒரு முழம் உயரம். முழங்காலை மடித்து நிற்கச் சொல்லியிருந்தார் அண்ணை. மனைவி நேரே அவரிடம் போய், இவருக்கு நாரியில் ஒன்றும் இல்லை, நான் சொன்னது பொய், இவர் விரதம் சுத்தமாகப் பிடித்தவர், பிழை இந்த நத்தையில் என்று சொல்லிப் போத்தலை நீட்டினா.

அண்ணை போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பட்டினி கிடந்து தலை சுற்றுகிறது, தங்கச்சியைக் கொண்டுபோய் இருத்தும் என்று என்னிடம் சொன்னார்.

மனைவி மூடியைத் திறந்தா. ஒரு நெருப்புக்குச்சியால் உள்ளே இருந்தவர்களைக் கிண்டினா. போத்தல் சின்னது, நத்தைகள் அன்று முழுக்கக் கோபத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த மண்டபத்தில் நின்ற அத்தனை பேரும் வெறும் வயிற்றோடு நின்றவர்கள். பசித்த மூக்குக்கு எட்டாத மணம் இல்லை. முதல் வரிசை மூக்கை இழுத்தது. பிறகு பின்வரிசை. பிறகு ஆளை ஆள் பார்க்கத் தொடங்கினார்கள். நத்தையை யாரும் பார்க்கவில்லை.

"ஆர் இது?" என்றார் அண்ணை.

டாக்சிக்காரர் மடித்த முழங்காலை மெல்ல நிமிர்த்தினார்.

"அண்ணை, இரவு ஓட்டம். வேற கடை ஒண்டும் திறந்திருக்கேல்லை" என்றார். "ஒரு சின்னக் கொத்துரொட்டிதான்."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. மகள் மட்டும் தூணுக்குப் பின்னால் போனாள். அண்ணை டாக்சிக்காரரின் தோளில் கை வைத்து, கோபமில்லாமல்தான் சொன்னார்.

"நீர் அங்கால போய்ச் சூரனைத் தூக்கும். அவர் ஒண்டும் பாக்கமாட்டார்."

டாக்சிக்காரர் உண்மையில் சந்தோஷப்பட்டார். சூரன் பக்கம் ஓடலாம், துள்ளலாம், அசைத்து விளையாடலாம். இந்தப் பக்கம் முழங்காலை மடித்துக்கொண்டு நிற்பதைவிட அது அவருக்குச் சுகம். என்னைக் கடந்து போகும்போது என் கையைப் பிடித்து, மன்னிக்கவேணும் என்றார். எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கோயில் கார் நிறுத்துகிற இடத்தில்தான் போர். பனி தூறிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு தூக்க வேண்டியவர்களுக்கு அன்று காலுறைக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. அண்ணை ஒன்று, இரண்டு என்று சொல்ல, மூன்றில் எல்லோரும் நிமிர்ந்தோம். சுவாமியைத் தாங்கிய மரம் தோளில் இறங்கியது. அந்தப் பாரத்தை நான் எப்படிச் சொல்வது. தும்புக்கட்டையில் பழகியவன் நான். முதல் அடியிலேயே மூச்சுப் போய்விட்டது, ஆனால் இறக்க மனம் வரவில்லை. எதிரே சூரன் துள்ளித் துள்ளி வந்தார். அவருக்குக் கீழே கொத்துரொட்டியின் பலம் நன்றாகத் தெரிந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் பட்டினி.

அரோகரா என்ற சத்தத்துக்குள் மனைவியைத் தேடினேன். முன்வரிசையில் நின்றா. நத்தைகள் குளிரில் விறைத்துவிடும் என்று போத்தலைக் கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நின்றா. சுவாமி கிட்ட வரவும் போத்தலை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினா. கும்பிட்டது சுவாமியைத்தான். பார்த்துக்கொண்டு நின்றது என் தோளை. மரத்துக்கு அடியில் மடித்துப் போட்ட துவாய் விலகி மரம் எலும்பில் உரசுகிறது, மேலே இழுத்துப் போடுங்கோ என்று கண்ணால் காட்டினா. எனக்குக் கை ஓய்வில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.